தங்கவேலு அண்ணன் நம்பிய வண்டி

தங்கவேலு அண்ணன் இறந்துவிட்டார் என்று தேனியிலிருந்து போன் வந்தபோது நான் போடி மார்க்கெட்டில் ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன். பேசியவர் தேனியில் பட்டறை வைத்திருப்பவர், பொய் சொல்லும் ஆளில்லை. "பாய், அண்ணன் போயிட்டாக. காலைல குளிக்கப் போனவுக அங்கனயே விழுந்துட்டாக" என்றார். நான் போனை வைத்துவிட்டு உடனே இன்னொருவருக்குப் போட்டேன். அவரும் அதையே சொன்னார். அதன் பிறகுதான் மூட்டையின் மேல் உட்கார்ந்தேன். இது அண்ணன் பழக்கிவிட்ட பழக்கம். "நானே செத்துட்டேன்னு சொன்னாலும் ரெண்டு பேரு வாயால கேட்டுட்டு நம்புங்க பாய். ஒருத்தன் சொன்னா அது பேச்சு. ரெண்டு பேரு சொன்னாத்தான் செய்தி" என்று ஒருமுறை சிரிக்காமல் சொன்னார். அவர் சொன்னபடியே செய்தேன். செய்தி உண்மையாகத்தான் இருந்தது.

தேனி, கம்பம் பக்கம் வண்டி வாங்கி விற்ற உங்களில் பாதிப் பேராவது அவரைத் திட்டியிருப்பீர்கள். "ஆமா, நானுந்தான்" என்று இதைப் படித்துத் தலையாட்டுகிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். பழைய வண்டிகளைப் பார்த்து வங்கிக்கும் இன்சூரன்ஸுக்கும் மதிப்புப் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். அல்லிநகரத்தில் ஒரு மாடி அறை, ஒரு மேசை, ஒரு டார்ச் லைட், சட்டைப் பையில் சீவிய பென்சில். வேறு சொத்து எதையும் நான் பார்த்ததில்லை. பெயர் தங்கவேலு என்றாலும் புரோக்கர்களுக்கு அவர் 'குடைச்சல்'. "குடைச்சல் வந்துட்டாரா? அப்ப இன்னைக்குக் கத முடியாது" என்பார்கள். அது அவர் காதிலும் விழும். "குடைஞ்சாத்தான உள்ள புழு இருக்கா இல்லையான்னு தெரியும்" என்பார், அவ்வளவுதான்.

எங்கள் பிக்கப்பைப் பற்றிச் சொல்லாமல் என்னால் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. என் தகப்பனார், அத்தா, உத்தமபாளையத்தில் ஏலக்காய் வியாபாரம் செய்தவர்; பஜாருக்கு அவர் ராவுத்தர். தொண்ணூறுகளின் பின்பாதியில் ஒரு கம்பெனி தன் ஆண்டு விழாவுக்காகக் கொஞ்சம் பிக்கப்களை மட்டும் தனியாகச் செய்து விட்டது. கரும்பச்சை நிறம், பக்கவாட்டில் வெள்ளைக் கோடு, ஸ்டியரிங் பக்கத்தில் வரிசை எண் பொறித்த ஒரு பித்தளைத் தகடு. மதுரை டீலர் மூலமாக அதில் இரண்டு வண்டிகள் நம் பக்கம் வந்தன. ஒன்றை அத்தா எடுத்தார். மற்றதை அவருடைய சிநேகிதர், சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த பெருமாள்சாமி மாமா எடுத்தார். நான் அப்போது துபாயில் வேலையில் இருந்தேன். ஊருக்கு வந்தபோது அத்தா என்னைக் கூப்பிட்டு முதலில் காட்டியது பதினேழு என்று போட்ட அந்தத் தகட்டைத்தான். "இந்த மாதிரி வண்டியத் தமிழ்நாட்டுலயே விரல் விட்டு எண்ணிரலாம்டா" என்றார். கடைக்கு வந்தவர்கள், சொந்தக்காரர்கள், வழிகேட்டு நின்றவர்கள் என்று ஒருவரையும் அவர் விடவில்லை. எஃப்.சி.க்குப் போகும்போதெல்லாம் பெயிண்ட் அடித்து அடித்துப் பச்சை போய் வெள்ளையாகிவிட்டது. தகடு மட்டும் இருந்தது, அத்தா அதைத் துணியால் துடைத்துக்கொண்டே இருப்பார்.

அத்தா நெஞ்சுவலியில் மௌத்தாகிச் சில வருடங்கள் கழித்து, பழைய வண்டிகளைச் சேர்க்கிற கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் கேள்விப்பட்டு வந்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார், போட்டோ எடுத்தார். நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறேன், ஆனால் தங்கவேலு பார்த்துச் சொல்லட்டும் என்றார். எனக்கு விற்கிற எண்ணம் அவ்வளவாக இல்லை. ஆனால் அத்தா அத்தனை பேரிடம் சொன்ன பெருமைக்கு ஒரு விலை உண்டா என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. வரச்சொல்லுங்கள் என்றேன்.

வந்தார். என் மனைவி டீ கொண்டுவந்தாள், வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார். முறுக்கு வந்தது, அதுவும் வேண்டாம். கோபித்துக்கொண்டு ஏன் என்று கேட்டேன். "ஒருத்தர் வீட்டு டீயக் குடிச்சுப்புட்டு அவுக வண்டியக் குத்தம் சொல்ல வாய் வராது பாய்" என்று, கையோடு கொண்டுவந்த பாட்டில் தண்ணீரைக் குடித்தார். அப்புறம் வண்டிக்கு அடியில் படுத்தார். சேஸிஸில் அடித்திருக்கும் எண்ணின்மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எண்ணைப் படி எடுத்தார். நகத்தால் பெயிண்டைச் சுரண்டினார். உள்ளே பச்சை தெரிந்தது. நான் "பாத்தீகளாண்ணே!" என்று குதித்தேன். "பச்சைய எவன் வேணாலும் அடிப்பான்" என்றார். கடைசியாகத் தகட்டைப் பார்த்தார். அதில் இருந்த நான்கு ஸ்க்ரூக்களையும் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"கம்பெனிக்காரன் தகட்ட ரிவிட்டுல அடிப்பான். இது ஸ்க்ரூவுல இருக்கே. உங்க அத்தா எதுக்குக் கழட்டி மாட்டுனாக?"

"தெரியலண்ணே."

"தெரியல" என்று திருப்பிச் சொல்லிக்கொண்டே எழுதிக்கொண்டார். அவர் அந்த வார்த்தையை எழுதிய விதம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

மதுரை டீலரிடம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரை எப்படியோ பிடித்துவிட்டார். அவரிடம் பதினேழாம் தகடு எந்த சேஸிஸில் போனது என்ற குறிப்பு மட்டும் இருந்தது. அது எங்கள் சேஸிஸ் இல்லை. அண்ணன் ரிப்போர்ட்டில் இப்படி எழுதினார்: 'தகடு இந்த வண்டிக்கு உரியதன்று. இது ஸ்பெஷல் வண்டி என்று சொல்லப்படுவதை நம்ப இயலாது.' கோயம்புத்தூர்க்காரர் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். அவர் பேசாததை எல்லாம் பஜார் பேசியது.

"ராவுத்தர் எங்கிட்டோ இருந்து தகட்டக் களவாண்டு மாட்டிருக்காரு" என்றார்கள். "இத்தன வருசமா விட்டதெல்லாம் கப்சாவா?" என்றார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். போடி மார்க்கெட்டில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. அத்தா காலத்திலிருந்து எங்கள் மூட்டை என்றால் வாங்குகிறவர்கள் மேலாக ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டுச் சரி என்பார்கள். அந்த வாரம் ஒரு பழைய வியாபாரி, அத்தாவோடு ஒரே இலையில் சாப்பிட்டவர், சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு மூட்டைக்குள் முழங்கை வரைக்கும் விட்டு அடிக்காயை எடுத்துப் பார்த்தார். காய் நன்றாகத்தான் இருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. செத்துப்போன மனிதர் திரும்பி வந்தா தனக்காகப் பேசுவார்?

நேரே அல்லிநகரத்துக்குப் போய் மாடியேறி அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். "எங்க அத்தாவத் திருடன்னு எழுதிட்டீகளே, உங்களுக்கு நல்லாருக்கா?" என்று கத்தினேன்.

"அப்படி எழுதலயே. நம்ப முடியலன்னுதான எழுதிருக்கேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்ணே!"

"இல்ல பாய். ரெண்டும் வேற."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிவிட்டு இறங்கினேன். இந்த ஆள் நம் வீட்டு நிழலில்கூட நிற்கக்கூடாது என்று என் மனைவியிடம் சொல்லிவைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வீட்டுக்கு வந்தால், அவர் எங்கள் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறார்! கையில் ஸ்க்ரூ டிரைவர். "உங்க வீட்டுக்காரம்மா கிட்டக் கேட்டுட்டுத்தான் தொட்டேன். திட்டணும்னா அப்புறம் திட்டுங்க. இங்கன வந்து பாருங்க" என்றார். தகட்டைக் கழற்றியிருந்தார். பின்னால் நான்கு ஓட்டைகள். டார்ச்சை ஓட்டைக்கு நேரே பிடித்தார். ஓட்டையின் விளிம்புக்கு உள்ளேயும் கரும்பச்சை படிந்திருந்தது.

"பச்சைய எவனும் வெளியதான் அடிப்பான், தகட்டுக்குப் பின்னால அடிக்க மாட்டான். ஓட்டையப் போட்ட பெறகுதான் பச்சை அடிச்சிருக்கான். அப்படின்னா கம்பெனியிலயே ஓட்டை போட்டிருக்கான். தகட்டக் களவாண்டுட்டு வரலாம் பாய். ஓட்டையக் களவாண்டுட்டு வர முடியுமா?"

எனக்கு உடனே புரியவில்லை. அவரே சொன்னார். இந்த வண்டியில் ஆரம்பத்திலேயே ஒரு தகடு இருந்திருக்கிறது, ஆனால் அது பதினேழு இல்லை. அப்படியென்றால் அந்தத் தகடு எங்கே? "முதல்ல உங்க மேல சந்தேகப்பட்டேன். இப்ப என் ரிப்போர்ட்டு மேலயே சந்தேகமா இருக்கு" என்றார். தன்மேலேயே சந்தேகப்பட்டதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்ததை நான் பார்த்தேன்.

இன்னொரு வண்டி பெருமாள்சாமி மாமாவிடம் இருந்ததையும், அதை எப்போதோ விற்றுவிட்டார்கள் என்று கேள்வி என்பதையும் சொன்னேன். மாமாவும் அதற்குள் காலமாகிவிட்டார். அத்தா மௌத்துக்குப் பிறகு அந்த வீட்டோடு எங்களுக்குப் போக்குவரத்து இல்லை. பெருநாள் பிரியாணி வாங்க ஆள் அனுப்புவதைக்கூட அவர்கள் நிறுத்திவிட்டார்கள். அத்தா இருந்தவரைக்கும்தான் உறவு போலிருக்கிறது என்று நாங்களும் மனம் கசந்து விட்டுவிட்டோம். அண்ணன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். சில நாள் கழித்துப் போன் வந்தது. "கம்பத்துல ஸ்பேர் பார்ட்ஸ் கடையில விசாரிச்சேன். போன மாசங்கூடச் சுருளிப்பட்டிக்கு இந்த மாடல் பிரேக் லைனிங் போயிருக்கு. வித்த வண்டிக்கு எவனாச்சும் பிரேக் லைனிங் வாங்குவானா? கெளம்புங்க."

பெருமாள்சாமி மாமாவின் மனைவி பேச்சியம்மாள் அத்தை எங்களைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனது. "வண்டியா? அத வித்து எத்தன காலமாச்சு" என்றார். அண்ணன் திராட்சைப் பந்தலுக்கு அந்தப் பக்கம் இருந்த தகரக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவுக்கு அடியில் டயர் தடம் புதிதாக இருந்தது. நான்தான் பொறுக்க மாட்டாமல் வாய் விட்டேன். "அத்தை, எங்க அத்தாவ ஊரே திருடன்னு சொல்லுது. உங்களுக்குத் தெரிஞ்சதச் சொல்லிருங்க. நீங்க சொல்லலேன்னா எனக்கு வேற நாதி இல்ல."

அவ்வளவுதான், அத்தை கேட்டைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். "ஆத்தாடி, அந்த மனுசனையா? திருடன்னா? எவன் சொன்னான், நாக்கு அழுகிப் போகும்!" என்று அழுகைக்கு நடுவிலேயே ஏசினார்.

அவர் சொன்னது இது. இரண்டு வண்டிகளும் ஒரே நாளில் சுருளிப்பட்டிக்கு வந்திருக்கின்றன. முதலில் மாமா வண்டிக்குப் பூஜை, பிறகு அத்தா ஊருக்குப் போவதாக ஏற்பாடு. அத்தை ஆரத்தித் தட்டோடு வந்து தகட்டைப் பார்த்திருக்கிறார். பதினேழு. கூட்டினால் எட்டு. அத்தையின் அண்ணன், எண்ணின் கூட்டுத்தொகை எட்டு வருகிற ஒரு லாரியில் அடிபட்டு இறந்தவர். தட்டைக் கீழே வைத்துவிட்டு, "இந்த வண்டி என் வாசல் தாண்டி உள்ள வராது" என்று கேட்டில் குறுக்கே உட்கார்ந்துவிட்டாராம். மாமா கெஞ்சினார், அதட்டினார். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. கம்பெனி போட்ட நம்பரை யாரிடம் போய் மாற்றச் சொல்வது?

அப்போதுதான் அத்தா தன் வண்டியிலிருந்து இறங்கி வந்திருக்கிறார். அவருடையது பதினெட்டு, கூட்டினால் ஒன்பது. "ஏம்மா பேச்சி, அந்த எட்ட எனக்குத் தந்துரு. எங்க ஆளுகளுக்கு எட்டோட எந்தச் சண்டையும் கிடையாது" என்று சிரித்துக்கொண்டே ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டு, அங்கேயே உளியால் ரிவிட்டைத் தட்டி இரண்டு தகடுகளையும் மாற்றி மாட்டச் சொல்லிவிட்டார். பிறகு மாமாவிடம், "இத வெளிய சொல்லாத. பொம்பளப் புள்ள பயந்தத ஊரு சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்" என்று சொன்னாராம். கூடி நின்றவர்கள் அன்றைக்குச் சிரித்தார்கள், அப்புறம் மறந்துபோனார்கள். அத்தா எங்களிடம்கூடச் சொல்லவில்லை.

"அப்பறம் அவுக போய்ச் சேந்தாகன்னு சேதி வந்துச்சு. எனக்கு வந்த எட்டுய்யா அது. நான் தள்ளி விட்டேன், அது உங்க அத்தாவக் கொண்டுபோயிருச்சு. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உங்க வாசலுக்கு வருவேன்?" என்றார் அத்தை. எங்களிடம் வராமல் இருந்ததற்கும், வண்டியைக் கொட்டகையில் மறைத்து வைத்து ஓட்டியதற்கும் அதுதான் காரணம். நாங்கள் என்னென்னவோ நினைத்திருந்தோம். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. "அத்தை, அத்தா போனது நெஞ்சுவலியில. வண்டி அப்ப சும்மா வாசல்ல நின்னுச்சு" என்றேன். அவர் கேட்பதாக இல்லை.

திரும்பிப் பார்த்தால் அண்ணனைக் காணோம். இங்கே இப்படி ஒரு அழுகை நடக்கிறது, அவர் கொட்டகைக்குள் போய் அந்த வண்டிக்கு அடியில் படுத்துப் பென்சிலால் தேய்த்துக்கொண்டிருக்கிறார்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. முதுகெல்லாம் மண்ணோடு வந்தார். "அழுகைய நம்பி ரிப்போர்ட் எழுத முடியாதுல்ல பாய்" என்று தாளைக் காட்டினார். மதுரைக்காரர் பதினேழுக்குச் சொன்ன சேஸிஸ் எண் அதில் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருந்தது. வண்டிக்குள் இருந்த தகடோ பதினெட்டு.

பிறகு அத்தையின் முன்னால் போய் நின்றார். "ஆத்தா, நான் எதையும் லேசுல நம்ப மாட்டேன். யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க. பாய் வீட்டு வண்டிய நான் அக்கு அக்காப் பாத்துட்டேன். அதுமேல ஒரு குத்தமும் இல்ல. வேணும்னா எழுதித் தாரேன்." நான் அத்தனை சொல்லியும் கேட்காத அத்தை, இதற்கு மூக்கைச் சிந்திவிட்டு, "நெசமாவா?" என்றார். "நெசம்" என்றார் அண்ணன். அத்தை எழுந்து எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவரப் போனார்.

கோயம்புத்தூர்க்காரர் மறுபடியும் ஓடிவந்தார். இரண்டு தகடுகளையும் பழையபடி மாற்றி மாட்டினால் முதலில் சொன்னதைப்போல இரண்டு மடங்கு தருகிறேன் என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார். "விலை வேணும்னா மாத்தணும் பாய். தகடும் சேஸிஸும் சேந்தாத்தான் விலை. மாத்துனா உங்க அத்தா செஞ்ச காரியம் செய்யாததா ஆயிரும். உங்க இஷ்டம்." யோசிக்க அதில் ஒன்றும் இல்லை. மாற்ற மாட்டேன் என்றேன். அவர் அங்கேயே உட்கார்ந்து ரிப்போர்ட்டைத் திருத்தி எழுதினார். ஸ்பெஷல் வண்டிதான், தகடு மாறியதற்குக் காரணம் நேரில் விசாரித்து அறியப்பட்டது என்று எழுதி, கடைசியில் ஒரு வார்த்தை சேர்த்தார்: 'நம்பலாம்.' மதிப்பு என்ற இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டார். பேனாவை மூடிவிட்டு உள்பக்கம் எட்டிப் பார்த்து, "தங்கச்சி, இப்ப அந்த டீயப் போடுங்க. சீனி தூக்கலா" என்றார். இரண்டு டம்ளர் குடித்தார். முறுக்கையும் விடவில்லை.

பஜாரின் வாயை அடைத்தது ரிப்போர்ட் இல்லை, பேச்சியம்மாள் அத்தை. மகனை ஓட்டச் சொல்லி வண்டியைக் கொண்டுவந்து எங்கள் கடை முன்னால் எங்கள் வண்டியோடு ஒட்டி நிறுத்தி, வந்தவர் போனவர்களிடமெல்லாம் தன் வாயாலேயே கதையைச் சொன்னார். ஊர் சிரிக்கும் என்று அத்தா யாருக்காகப் பயந்தாரோ, அந்த அம்மாவே அவருக்காகச் சந்தியில் நின்று சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து எங்களுடையதற்கு 'எட்டாம் நம்பர் வண்டி' என்று பெயர். போடி வியாபாரி அடுத்த வாரம் மறுபடியும் மேலாக ஒரு கை அள்ளினார். நானே அவர் கையைப் பிடித்து அடிவரைக்கும் விடச் சொன்னேன். இப்போதும் அப்படித்தான். யார் வந்தாலும் மூட்டையைச் சாய்த்து அடிக்காயைக் காட்டிவிட்டுத்தான் விலை பேசுவேன். சந்தேகப்படுகிறவர்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியதில் அது ஒன்று. எங்கள் சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்த அந்தத் தாளும் கடையில் அத்தா படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. அந்தப் போன் வந்த அன்றைக்குப் போடியிலிருந்து அப்படியே பிக்கப்பில் அல்லிநகரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். தெருவில் வண்டிகளாக நின்றன. எல்லாம் அவர் எப்போதோ குற்றம் சொன்ன வண்டிகளாகத்தான் இருக்கும். அண்ணனின் மனைவி அழுது ஓய்ந்து சுவரில் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "எதுல வந்தீக பாய்?" என்று கேட்டார். அந்த நேரத்தில் அது என்ன கேள்வி என்று எனக்குப் புரியவில்லை. எட்டாம் நம்பர்லதான் மதினி என்றேன்.

"அந்த வண்டிய நம்பலாம்னு எங்கிட்டச் சொல்லிக்கிட்டே இருப்பாக" என்றார் மதினி. "இத்தன வருசத்துல அவுக வாயால அந்த வார்த்தைய வேற யாருக்கும் சொல்லி நான் கேட்டதில்ல பாய். என்னையுஞ் சேத்துத்தான்."

சொல்லிவிட்டுச் சிரித்தார், சிரிப்போடே மறுபடியும் அழுதார். அந்த வார்த்தையை நான் வைத்திருக்கிறேன்.